‘பார்க்கலாம்’ என்று ஒருவர் சொன்னால்: உடல் காட்டும் குறிப்பும் கேட்கும் காதும்

“மனிதர்கள் பேசிக்கொள்வதில் 93 சதவீதம் சொல்லுக்கு வெளியே நடக்கிறது, சொல்லின் பங்கு வெறும் 7 சதவீதம்.” வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் இந்தக் கணக்கைக் கேட்காதவர்கள் குறைவு. நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரையும் இதிலிருந்தே கிளம்புகிறது: நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார், கையைக் கட்டாதே. என்ன பேசப்போகிறாய் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

இந்தக் கணக்கை ராமநாதபுரம் கரையில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். பாம்பனிலிருந்து 90.4 அலைவரிசையில் ‘கடல் ஓசை’ என்ற மீனவர் சமுதாய வானொலி ஒலிபரப்பாகிறது. “மன்னார் வளைகுடாப் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும்” என்று வானொலியில் ஓர் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். வத்தையில் (சிறு நாட்டுப் படகில்) இருப்பவருக்கு அறிவிப்பாளரின் முகம் தெரியாது. அந்த 93-இல் முகத்துக்கு 55, குரலுக்கு 38 என்பது கணக்கு. முகத்துக்கு உரிய 55 அங்கேயே போய்விடுகிறது. அறிவிப்பு ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்கப்படுவதால் குரலுக்கு உரிய 38-லும் பெரும்பகுதி போய்விடுகிறது. மிஞ்சுவது 7. அந்த ஏழுக்குள்தான் 45, 55 என்ற எண்கள் இருக்கின்றன. படகைத் திருப்புவதா, வலையை இறக்குவதா என்பதை முடிவு செய்பவை அந்த எண்களே.

அப்படியானால் 93 என்பது பொய்யா? முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஓரிடத்துக்குப் போட்ட கணக்கை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனதில் வந்த வினை அது.

7, 38, 55 வந்த வழி

1967-இல் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இரண்டு சிறு ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள்: அன்பான சொல் கடுமையான தொனியில், கடுஞ்சொல் குழைவான தொனியில் என்பதுபோல. மற்றொன்றில் ‘maybe’ (இருக்கலாம்) என்ற ஒரே ஒரு சொல்லின் ஒலிப்பதிவோடு ஒரு முகத்தின் புகைப்படத்தையும் காட்டினார்கள். கேட்டவர்களிடம் வைத்த கேள்வி ஒன்றுதான்: பேசுகிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா, இல்லையா? இரண்டு ஆய்வுகளின் முடிவுகளையும் இணைத்தபோது கிடைத்தவை அந்த மூன்று எண்கள்.

ஆகவே இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு.

1. சோதிக்கப்பட்டவை தனிச் சொற்கள். வாக்கியமோ உரையாடலோ அங்கே இல்லை.
2. அளக்கப்பட்டது விருப்பு வெறுப்பு மட்டும். செய்தி எவ்வளவு புரிந்தது என்பதை யாரும் அளக்கவில்லை.
3. சொல் ஒன்றும் தொனி வேறொன்றுமாக முரண்படும்போது மனிதர்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வின் உண்மையான விஷயம்.

உணர்வையும் மனப்போக்கையும் பற்றிய பேச்சுக்கு அப்பால் இந்த எண்கள் பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். பயிற்சி வகுப்புகளுக்கு அந்த வரி மட்டும் வந்து சேரவில்லை.

புகைப்படத்தோடு ஒலித்த அந்த ஒற்றைச் சொல்லுக்கு நம் பேச்சில் நேர் இணை ‘பார்க்கலாம்’. மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ விசைப்படகுக்குப் போகும் ஒரு தொழிலாளி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு முன்பணம் கேட்டு உரிமையாளரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். “பார்க்கலாம்” என்று பதில் வருகிறது. உரிமையாளர் நிமிர்ந்து பார்த்து, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்று பொருள். டீசல் கணக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னால், கிடைக்காது. ஒரு பெருமூச்சுக்குப் பிறகு வந்தால், கொடுக்க மனம் இருக்கிறது, கையில் இல்லை. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ஒரே பொருள்தான் இருக்கும். இங்கே சொல்லுக்கு 7 சதவீதம் கொடுப்பதுகூடத் தாராளம். ஆனால் அதே தொழிலாளி கடன் கொடுக்கும் வேறொருவரிடம் “வட்டி எவ்வளவு?” என்று கேட்டால், விடை புருவத்தில் இருக்காது.

மூன்று வகைக் குறிகள்

சொல்லாமல் உணர்த்தும் எல்லாவற்றையும் உளவியலில் சொல்சாராத் தொடர்பு என்கிறார்கள்: முகபாவம், பார்வை, கையசைவு, நிற்கும் தோரணை, இடைவெளி, தொடுகை, குரலின் ஏற்ற இறக்கம், மௌனம். நமக்கு இது புதிதன்று. தொல்காப்பியம் நகை, அழுகை தொடங்கி உவகை வரை எட்டை வகுத்து, அவற்றை மெய்ப்பாடு என்று அழைத்தது. உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடலில், படுவது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: அரசவையில் இருப்பவருக்கு ஒன்று (71), காதலருக்கு ஒன்று (110). இடம் மாறினால் குறிப்பும் மாறும் என்பது அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது.

1969-இல் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் உடலசைவுகளை ஐந்தாகப் பிரித்தார்கள். இங்கே நமக்கு வேண்டிய அளவுக்கு அதை மூன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

1. பேசி வைத்த குறிகள். இரு தரப்பும் முன்கூட்டியே பொருளை ஒப்புக்கொண்டவை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு இதற்குத் தெளிவான சாட்சி. பகலில் கூண்டு, இரவில் விளக்குகள். 1-ஆம் எண் என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். ஏற்றியவரின் மனநிலை என்ன, அவர் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

கடலுக்கு அடியிலும் இதே வகைதான். முக்குளிப்புப் பயிற்சி பெற்றவர்களிடையே கட்டைவிரலை உயர்த்துவது ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள்படாது. ‘மேலே போகிறேன்’ என்று பொருள். நலம் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். கரையில் பழகிய குறியை நீருக்குள் கொண்டுபோனால், நலமாக இருப்பவரைப் பக்கத்தில் இருப்பவர் மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார். இவையெல்லாம் வருவதற்கு எவ்வளவோ முன்பு, மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பில் ஒரு கயிறு இந்த வேலையைச் செய்தது. மூழ்கியவர் கயிற்றைச் சுண்டினால் படகில் இருப்பவர் உடனே இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிக்கும் வேலையை மச்சான் முறைக்காரரிடம் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை அவர் விரும்பமாட்டார் அல்லவா!

2. சொல்லுக்குத் துணை வரும் குறிகள். “இவ்வளவு பெரிய பாறை மீன்” என்று சொல்லும்போது முழங்கைவரை நீளும் கை. சொல்லை எடுத்துவிட்டால் கைக்குப் பொருள் இல்லை. கையை எடுத்துவிட்டால் ‘இவ்வளவு’ என்பதற்குப் பொருள் இல்லை. கரைவலை இழுக்கும்போது ஒரு கயிற்றுக்காரர்கள் ஓரிடத்திலும் மறு கயிற்றுக்காரர்கள் வெகுதூரம் தள்ளியும் நிற்பார்கள். காற்றில் குரல் பாதி கரைந்துவிடும்போது கைவீச்சு மீதியைச் சொல்லும்.

3. தானாகக் கசியும் குறிகள். குரல் அடைப்பது, கால் ஆடுவது, பார்வை விலகுவது, சட்டை நுனியைத் திருகுவது. இவற்றை யாரும் யாரோடும் பேசி வைக்கவில்லை. ஒரே அசைவுக்குப் பத்துக் காரணங்கள் இருக்க முடியும்: பயம், பசி, வெயில், வெட்கம், முதல் நாள் இரவு முழுக்கக் கடலில் கண் விழித்தது.

உடல்மொழி பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி, மூன்றாம் வகையை முதல் வகைபோல வாசிப்பதில் பிறக்கிறது. ஐந்தாம் எண் கூண்டுக்கு ஒரே பொருள் என்பதுபோல, கட்டிய கைக்கும் ஒரே பொருள் என்று நம்பிவிடுகிறோம்.

கைகட்டி நிற்பவர் எதை மறைக்கிறார்?

மார்புக்குக் குறுக்கே கைகட்டுவது ‘மூடிய மனத்தின் அடையாளம்’ என்று உடல்மொழிக் கையேடுகள் சொல்கின்றன. தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ பெரியவர்முன் கைகட்டி நிற்கும் இளைஞனிடம் இதைச் சொன்னால் விழிப்பான். அவன் அறிந்தவரை அது மரியாதை. ‘கைகட்டி, வாய்பொத்தி’ என்ற தொடரே நம்மிடம் உண்டு. (அந்தத் தோரணையில் மரியாதை எவ்வளவு, தலைமுறை தலைமுறையாக வந்த அச்சம் எவ்வளவு என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.) நிறுவன நேர்காணலில் அதே இளைஞன் கைகட்டி உட்கார்ந்தால், எதிரில் இருப்பவர் தம் கையேட்டைப் பார்த்துவிட்டு ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்று குறித்துக்கொள்ளக்கூடும்.

பார்வையும் அப்படித்தான். பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. 2006-இல் வெளியான 58 நாடுகளின் ஆய்வு ஒன்றில் பொய்யின் அடையாளமாக மக்கள் முதலில் சொன்னது அதையே. அந்த நம்பிக்கை எவ்வளவு தேறும்? சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதே ஆண்டில், 24,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பேசுபவர் சொல்வது மெய்யா பொய்யா என்பதை மனிதர்கள் சரியாகக் கண்டது சராசரியாக 54 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும்.

எல்லைத் தாண்டல், கடத்தல் சந்தேகம் என்று விசாரணை அடிக்கடி நடக்கும் கடற்கரையில் இது வகுப்பறைச் செய்தியாக நின்றுவிடாது. சீருடை அணிந்தவர் முன்னால் தலை குனிந்து, தரையைப் பார்த்துப் பதில் சொல்லும் மீனவர் எதையோ மறைக்கிறார் என்று தோன்றலாம். அவர் வளர்ந்த வீட்டில் பெரியவர்களின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதற்குப் பெயர் திமிர். அவர் சொன்ன நேரமும் இடமும் மற்றப் பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் விசாரணை. முகத்தைப் படிப்பதில் கிடைப்பது ஊகம்.

இன்னொரு சிறு விஷயம், தூரம். நெருங்கியவர்களுக்கு 45 சென்டிமீட்டர் வரை, தெரிந்தவர்களுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் வரை என்று 1966-இல் எட்வர்ட் ஹால் அமெரிக்கர்களை வைத்து அளவு சொன்னார். திருவிழாக் காலத்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அந்த அளவை விளக்க வேண்டியதில்லை.

‘கேள்’ என்ற சொல்லின் இரண்டு வேலைகள்

குறிப்பு நிச்சயமில்லாதது என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினை, செவி கொடுப்பதற்கும் வினவுவதற்கும் பொதுவாக இருக்கிறது. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. ஒலி காதில் விழுவதற்கு நம் முயற்சி தேவையில்லை. கேட்பதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

1. ‘ம்’ கொட்டுவது. கதை சொல்லும் பாட்டி பாதியில் நிறுத்தி “ம் கொட்டு” என்பாள். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கு என்றுதான் நினைத்திருப்போம். அதைவிடப் பெரிய வேலை ஒன்று அந்த ‘ம்’முக்கு உண்டு.

2000-ஆம் ஆண்டில் ஜேனட் பாவெலஸ் குழுவினர் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் தாம் மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை கொடுக்கப்பட்டது: கதையில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கவனித்தார்கள். கதையைக் கவனிக்க முடியவில்லை. சரியான இடத்தில் முகம் சுளிப்பது, மூச்சை இழுப்பது, “ஐயோ” என்பது எல்லாம் நின்றுபோயின. விளைவு சொல்பவர் பக்கம் தெரிந்தது. தங்கள் சொந்த வாழ்க்கையில் நடந்த கதையையே அவர்கள் தட்டுத் தடுமாறிச் சொன்னார்கள். முக்கியமாகக் கதையின் முடிவு சிதைந்துபோனது, சொன்னதையே திரும்பச் சொன்னார்கள்.

கடற்கரை ஊர்களில் உயிர் தப்பிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. கவிழ்ந்த வத்தையின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை மிதந்த ஒருவர் கரையேறிய பிறகு அதைச் சொல்ல உட்காருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் கைப்பேசியை நகர்த்திக்கொண்டே தலையாட்டுகிறார். கதை பாதியில் தேய்கிறது. “பெரிதாக ஒன்றும் இல்லை, வந்துவிட்டோம்” என்று முடிகிறது. பிறகு ஊரில் சொல்வார்கள், அவர் அதிகம் பேசமாட்டார் என்று. கேட்பவர் சரியில்லாததால் பேச்சு குறைந்துபோனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேட்பது பேச்சு முடிந்தபின் தொடங்கும் வேலை என்றே பலர் எண்ணுகிறோம். உண்மையில் பேச்சைப் பாதி கட்டுவது கேட்பவர்தான்.

2. பதிலைத் தள்ளிப்போடுவது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வு ஒன்றின்படி, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி விநாடி. கண் சிமிட்டும் நேரம். (அந்தப் பத்தில் தமிழ் இல்லை.) ஆனால் ஒற்றைச் சொல்லை மனத்தில் தேர்ந்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லி விநாடி ஆகிறது. அப்படியென்றால் எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். இது மூளையின் இயல்பு. சாதாரணப் பேச்சில் தவறும் இல்லை. சண்டையிலும் துக்கத்திலும் மருத்துவர் அறையிலும்தான் இது வம்பாகிறது, ஏனென்றால் அங்கே முக்கியமான சொல் பெரும்பாலும் கடைசியில் வருகிறது.

3. திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பது. கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் ‘செயலூக்கமுள்ள கேட்டல்’ என்று பெயரிட்டு முன்வைத்த முறையின் முதுகெலும்பு இது. எதிராளி சொன்னதை, அவர் உணர்வையும் சேர்த்து, நம் சொற்களில் திருப்பிச் சொல்லி “இப்படித்தானே?” என்று கேட்பது. எல்லா நேரமும் செய்தால் கிளிப்பிள்ளை ஆகிவிடுவோம் என்பதும் உண்மை. கண்ணில் பட்ட குறிப்பும் காதில் விழுந்த சொல்லும் ஒத்துவராத இடத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். “சரி என்கிறாய், ஆனால் குரல் இறங்கியிருக்கிறதே?” என்று கேட்டுவிட்டால், கசிந்த குறி ஊகமாகத் தொங்காமல் பேச்சுக்குள் வந்துவிடும்.

இந்தக் கரையில் எங்கே வலிக்கிறது

முதலில் மருத்துவமனை. அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் 1984-இல் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

நம் பக்கம் வரிசை நீளம், மருத்துவருக்கு நேரம் குறைவு. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண் ஒருவர் வந்து “ஒரு மாதிரியாக இருக்கிறது” என்று தொடங்கினால், அந்த ‘ஒரு மாதிரி’ 18 விநாடிக்குள் அவிழாது. தலைச்சுற்றல், மாதவிடாய்க் கோளாறு, வீட்டில் அடி, மனச்சோர்வு, எதுவும் அதற்குள் இருக்கலாம். கூட வந்த மாமியாரைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை நிறுத்தினால் அது ஒரு குறிப்பு. அதற்குப் பொருள் கற்பித்துக் குறித்துக்கொள்வது ஒரு வழி; மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு “அப்புறம்?” என்று கேட்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவாகும்.

அடுத்தது தலையாட்டல். பக்கவாட்டில் மெல்ல ஆடும் நம் தலைக்கு ‘ஆம்’, ‘சரி’, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று பல பொருள்கள். தனுஷ்கோடி பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிக்கு அது ‘இல்லை’ என்று தெரியலாம். வாயைத் திறந்து “சரி” என்றும் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தொலைபேசியும் மௌனமும்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத தெருவைத் தேட வேண்டும். பல குடும்பங்களின் உறவு வருடக்கணக்கில் தொலைபேசிக் குரலிலேயே நடக்கிறது. முகம் இல்லாத இடத்தில் தொனிக்கு எடை கூடும்; மௌனத்துக்கு இன்னும் கூடும். “சாப்பிட்டாயா?” என்ற கேள்விக்கு இரண்டு விநாடி தாமதித்துப் பதில் வந்தால் மறுமுனையில் தாய்க்குத் தூக்கம் போய்விடும். அந்தத் தாமதம் மகனுடைய மனத்திலிருந்து வந்ததா, இணைப்பின் கோளாறா என்று பிரித்தறிய வழியில்லை. காணொளி அழைப்பு முகத்தைத் தருகிறது; ஆனால் கேமரா ஓரிடத்திலும் திரையில் முகம் ஓரிடத்திலும் இருப்பதால் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. முகம் தெரிந்துவிட்ட நம்பிக்கையில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதும் நடக்கிறது.

டவர் எட்டாத தூரத்தில் படகு இருக்கும்போது வரும் மௌனம் இன்னும் கொடியது. ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்’ என்ற பதிவுக் குரல் ஆழ்கடல், தீர்ந்துபோன பேட்டரி, பிடிபட்ட படகு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கூண்டு முறையை வகுத்தவர்கள் இந்தச் சிக்கலை யோசித்திருக்கிறார்கள். பதினோராம் எண் கூண்டு பத்தாம் எண்ணைவிடப் பெரிய புயலைக் குறிப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதற்கே ஒரு குறியை ஒதுக்கி வைத்தார்கள்.

வீடுகளில் அந்த இடத்தை மிஸ்டு கால் பிடித்திருக்கிறது. டவர் எட்டியதும் ஒருமுறை ஒலித்து நின்றால் கரை தெரிகிறது என்று பொருள், எடுக்க வேண்டாம். இரண்டு முறை ஒலித்தால் எடுக்க வேண்டும். கடலுக்குக் கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று ஒரு நிமிடத்தில் பேசி வைத்துவிடலாம். எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதையும் அப்போதே சேர்த்துக்கொள்ளலாம்.